உன் அண்ணன் கேட்டது

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா, உன் அண்ணன், நான் மூன்று பேரும் ஆண்டவன் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நெஞ்சுச் சளி திரும்ப வராமல் இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, பட்டறைக்கு வர வேண்டாம் என்று முதலாளியே சொல்லியும் கேட்காமல் போய், லேத்து மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இளவட்டங்களைத் திட்டிவிட்டு வருகிறார், அதுதான் அவருக்கு மருந்து. முன்னறைச் சுவரில் ஈரம் ஏறி ஆணி நிற்கவில்லை, அதனால் கறுப்பு அங்கியோடு நீ பட்டம் வாங்கின போட்டோவை இறக்கி ரேடியோ இருக்கிற பலகையில் சாய்த்து வைத்திருக்கிறோம், சுவர் காய்ந்ததும் மாட்டிவிடுவேன், மனதை விட்டே இறக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் தோளை ஒட்டியே நிற்கிறார், இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அதைக் கேட்பதற்கு முன்னால் என் மனதில் இருக்கிற அழுக்கைக் கொட்டியாக வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லையடி, வயிற்றெரிச்சல், அதுவும் மருந்துக்கு அடங்காத வயிற்றெரிச்சல். தினமும் பிரார்த்தனையில் இதை என்னிடமிருந்து எடுத்துக்கொள் என்று கேட்கிறேன், ஆண்டவன் எடுத்துக்கொள்கிற மாதிரித் தெரியவில்லை.

மாடி வீட்டுக்கு ஒரு சின்னப் பெண் குடிவந்திருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, தையல் கடையில் வேலை, புருஷன் லாரி ஓட்டுகிறான், அவர்கள் குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, நாங்கள் சிட்டு என்று கூப்பிடுகிறோம். சிட்டுக்குப் பேச்சு வரவில்லை, நடை இப்போதுதான் வந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, உன் அண்ணனை அந்த வயதில் தூக்கிச் சுமந்தவள் நான்தானே. பாவம் இந்தப் பெண்ணும் என்னைப் போலவே அல்லாடப் போகிறாள் என்று மனதார இரக்கப்பட்டேன், பால் காய்ச்சும்போதெல்லாம் ஒரு தம்ளர் மேலே கொடுத்தனுப்பினேன். அந்த இரக்கம் எத்தனை நாள் தாங்கியது தெரியுமா, அவள் வீட்டு வாசலில் அரசாங்கத்து ஆள் ஒருத்தியின் செருப்பு கழன்று கிடக்கிற வரைக்கும்தான். மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு இப்படி ஏதாவது தாமதம் இருந்தால் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற திட்டம் ஒன்றை மாநில அரசாங்கம் நம் ஊருக்கும் கொண்டுவந்திருக்கிறது, மூன்று முடிந்தால் பள்ளிக்கூடத்தில் சிறப்புக் கல்வி வகுப்புக்கு அவர்களே கைபிடித்து அழைத்துக்கொண்டுபோய் விடுவார்களாம். வாரம் ஒரு தரம் ஒரு டீச்சர் வருகிறாள், ஒல்லியான உடம்பு, தோளில் தன்னைவிடப் பெரிய பை. உன் அப்பா அவளுக்கு மூட்டை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார். அந்த மூட்டையிலிருந்து வரும் சாமானைப் பார்க்க வேண்டுமே, அமுக்கினால் ஒளி வரும் பந்து, சிட்டுவின் இடுப்பளவுக்குச் செய்தது போல ஒரு நாற்காலி, விரலுக்கு வலிக்காத கரண்டி. நான் மாடிப்படியில் நின்று மிதியடி உதறுகிற சாக்கில் எட்டிப் பார்ப்பேன். ஒரே மிதியடியை இன்னும் எத்தனை தரம்தான் உதறுவாய், அதில் இருப்பது தூசியா உன் ஆத்திரமா என்று உன் அப்பாவே கேட்டுவிட்டார்.

நீயே சொல், எனக்கு எரியாதா. உன் அண்ணனுக்கு இரண்டு வயதில் நான் போன டாக்டர் என்ன சொன்னார், "ஆம்பளப் பசங்க லேட்டாத்தாம்மா பேசுவாங்க, பொறுத்துப் பாருங்க" என்றார். பொறுத்துப் பார்த்தேன், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அவனுக்கு மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒருத்தி வந்து என் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. உன் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான், அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அப்படித்தான் நானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றேன். வீட்டுக் கணக்கில் ஒரு காசு இடித்தாலும் தூக்கம் வராதவளுக்கு ஆண்டவன் கணக்கில் இவ்வளவு பெரிய இடிப்பு கண்ணில் படாமல் இருக்குமா, மாடியில் ஒருத்திக்கு எல்லாம், கீழே ஒருத்திக்கு ஒன்றுமில்லை. மாடிப் பெண் மேல் தப்பே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல், அவள் கெட்டவளாக இருந்தாலாவது எனக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் உன் அண்ணனுக்கு அந்த மூட்டையின் மேல் ஒரு மோகம் வந்துவிட்டது. டீச்சர் படியேறும் சத்தம் கேட்டாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான். சிட்டுவுக்கும் அவன் இருந்தால் குஷி. நானும் துணைக்குப் போவது போலப் போவேன். அப்போதுதான் மண்டல மேடம் வந்தாள். நம் மாநிலத்துக்கும் அக்கம்பக்கத்து மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரு மண்டல உதவி மையம் இருக்கிறதாம், இவர்கள் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை, கற்றுக்கொடுக்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஒவ்வொரு ஊராகப் போய் அங்கே வேலை சரியாக நடக்கிறதா என்று கூடவே உட்கார்ந்து பார்க்கிறார்கள். அப்போ இவங்களுக்குக் கத்துக்கொடுக்கறது யாரு என்று உன் அப்பா கேட்டார். அந்த மேடம் முழு நேரமும் பார்த்துவிட்டு, கடைசியில் மூட்டை டீச்சரைப் பார்த்து, அடுத்த வாரத்திலிருந்து பையைக் கொண்டுவராதே என்றாள். டீச்சர் முகம் செத்துவிட்டது. பையோடு வந்து பையோடு போனால் மற்ற நாளெல்லாம் இந்தக் குழந்தை எதை வைத்து விளையாடும், இந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்துச் செய், நீ செய்யாதே, அம்மாவைச் செய்யவிட்டு நீ பக்கத்தில் இரு என்று சொன்னாள். மறு வாரம் மூட்டை இல்லாத மூட்டை டீச்சர் வெறுங்கையோடு படியேறினாள், எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், உனக்கும் இப்போது ஒன்றும் இல்லையா என்று.

ஆனால் அன்றைக்குத்தான் நடந்தது. மாடி வீட்டுத் தம்ளரையும் வாழைப்பழத்தையும் பந்தையும் போட்டோ பிடித்து அட்டையில் ஒட்டி வைத்திருந்தார்கள். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமானால் தம்ளர் அட்டையை எடுத்து எதிரே இருப்பவர் கையில் வைக்க வேண்டும், வைத்த உடனே தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும். வாய் வராத குழந்தை கேட்பதற்கு அது ஒரு வழியாம். சிட்டு அட்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உன் அண்ணன் மூலையிலிருந்து எழுந்து வந்தான், தம்ளர் அட்டையை எடுத்தான், டீச்சர் உள்ளங்கையில் வைத்தான். அவ்வளவுதான். டீச்சர் தண்ணீர் கொடுத்தாள், மாடிப் பெண் கைதட்டினாள், "அண்ணன் கேட்டுட்டாரும்மா, பாத்தீங்களா" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். நான் என்ன செய்திருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டும், ஆண்டவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, முப்பத்து நான்கு வருஷமாக அவன் உதடு காய்வதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்தவள் நான், என்னிடம் ஒரு தரம் கேட்டதில்லை, நேற்று வந்தவளிடம் கேட்கிறான். அவன் குடித்து முடிக்கக்கூட விடாமல் கீழே கூட்டிவந்துவிட்டேன். அடுத்த வாரம் டீச்சர் வரும் நேரத்துக்குக் கதவைத் தாழ்போட்டேன். அவன் கதவருகில் போய் நின்றான், படியில் காலடிச் சத்தம் போய்த் தேய்ந்தது, அவன் நின்றுகொண்டே இருந்தான், நான் கீரையை ஆய்வது போல உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் மாடிப் பெண் வந்து, ஏம்மா அண்ணன் வரலை, சிட்டு தேடுச்சு என்று கேட்டாள். "அது மூணு வயசுப் பிள்ளைங்களுக்கான சலுகைம்மா, எங்க பிள்ளைக்கு வயசாயிடுச்சு" என்று சொன்னேன். அவள் நான் பால் கொடுத்தனுப்பின தம்ளரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

போன மாதம் மண்டல மேடம் மறுபடியும் வந்தவள், மூட்டை டீச்சரோடு நம் கதவைத் தட்டினாள். கடைசியில் என் வாசலிலும் அந்தச் செருப்புகள் கழன்றன, எனக்கு அதைக் கும்பிடுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. மேடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், எங்க திட்டத்துக்கு வயசு வரம்பு இருக்கு, உங்க மகன் பேரை எதிலேயும் என்னால எழுத முடியாது, ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க மட்டும் முடியும் என்று. உட்கார்ந்து பார்த்தாள். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன், சட்டைப் பித்தானைப் போட்டேன், பழத்தை உரித்து வாயில் வைத்தேன், வாயைத் துடைத்தேன். இவள் மெச்சட்டும் என்றே ஒன்றுவிடாமல் செய்தேன். அவள் சொன்னாள், "அம்மா, இவ்வளவு நல்லா கவனிச்சுக்கிட்டா அவரு எதுக்குங்க கேட்கணும்? கொஞ்ச நேரம் கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா இருந்து பாருங்க." எனக்குச் சுருக்கென்றது. போகும்போது இன்னொன்றும் சொன்னாள், அவர் எதைக் கேட்டாலும் தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுங்கள், கேட்டும் கிடைக்கவில்லை என்றால் கேட்பதையே விட்டுவிடுவார்கள், அப்புறம் மறுபடி ஆரம்பிப்பது ரொம்பக் கஷ்டம் என்று. இதை மறந்துவிடாதே, இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நானும் நம் வீட்டுத் தம்ளர், வாழைப்பழம், செருப்பு எல்லாவற்றையும் டீச்சரைவிட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லி அட்டை செய்து சமையலறை மேஜையில் வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது லேசு என்று நினைக்காதே, அவன் தம்ளரைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், என் கை தானாக எழுகிறது, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்கிறேன். உன் அப்பா, பெத்த பிள்ளையைத் தாகத்துல வெச்சு என்னடி பரீட்சை என்று சத்தம் போட்டார். அவன் அட்டையைத் தொடவே இல்லை. டீச்சரிடம் கேட்டவன் என்னிடம் கேட்க மாட்டேன் என்கிறான் என்று எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. நான் தோற்றுத் தண்ணீரை நானே கொடுத்துவிடுவேன்.

போன வியாழக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது எழுந்தான். மேஜைப் பக்கம் போகவில்லை, முன்னறைக்குப் போனான். எதையோ உருட்டும் சத்தம் கேட்டது, ரேடியோவைத் தள்ளிவிட்டான் என்று நினைத்தேன். திரும்பி வந்தான், கையில் உன் போட்டோ, சட்டத்தோடு. என் மடியிலிருந்த கையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டுத் தன் கையை நீட்டிக்கொண்டு நின்றான், டீச்சரிடம் தண்ணீருக்கு நின்றானே அதே மாதிரி.

அடியே, அவன் என்னிடம் வாழ்க்கையில் முதல் முதலாகக் கேட்டது உன்னை. பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது, பக்கத்திலேயே கிடப்பவள் நான், நான்கு வருஷமாக வீட்டுப் பக்கம் வராதவளைக் கேட்கிறானே என்று. அப்புறம்தான் உன் நினைவு வந்தது. ஆறு வயதிலோ ஏழிலோ ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தாயே, என்னடி ஆச்சு என்று உலுக்கினதற்கு, "அண்ணனுக்கு மட்டும் கேக்காமயே குடுக்கறே, நானும் பேசலைன்னா எனக்கும் குடுப்பியா" என்று அழுதாயே. சிரித்துவிட்டுப் போய்விட்டேன், அது எத்தனை பெரிய எரிச்சல் என்று இந்த வயதில் மாடிப்படியில் மிதியடியோடு நின்றபோதுதான் எனக்குப் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் முகத்தை அவனுக்குக் காட்டினேன், பார்த்திருப்பாய். அவன் போனை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான், அங்கே நீ இல்லை, போனை மேஜையில் வைத்துவிட்டுப் போட்டோவை மறுபடி என் கையில் வைத்தான். நீ அதற்குள் பேச்சை முடித்துப் போனை வைத்துவிட்டாய். தினமும் போட்டோவை என் கையில் வைக்கிறான், நான் தண்ணீர் கொடுக்கிறேன், பழம் கொடுக்கிறேன், வாங்கிக்கொண்டு அப்புறமும் கையை நீட்டுகிறான். நேற்று நீட்டின கையைச் சீக்கிரம் இறக்கிவிட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வா. உன் மேனேஜர் லீவு தர மாட்டார், பிராஜெக்ட் முடியவில்லை, இதெல்லாம் எனக்குத் தெரியும், நான்கு வருஷமாக எனக்கு அதைச் சொன்னாய், நானும் கேட்டுக்கொண்டேன். உன் அண்ணனுக்கு அதைச் சொல்ல எந்த அட்டையும் இல்லையடி. வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனால் போதும், கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குப் பரிபூரணமாக எங்கள் ஆசீர்வாதம், மகராசியாக இரு, கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியும் ஆண்டவன் உனக்குத் தரட்டும். நெஞ்சைக் குளிர் தாக்காமல் மூடிக்கொள், இரவில் தயிர் வேண்டாம். டிக்கெட் போட்டதும் முதலில் எனக்குச் சொல், அப்பாவிடம் சொன்னால் பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். சுவர் காய்ந்ததும் மாட்டுவேன் என்று மேலே எழுதினேன், இல்லை, காய்ந்தாலும் உன் போட்டோவை இப்போது மாட்டப் போவதில்லை, அவன் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கட்டும். நாளைக்கு டீச்சர் வருகிற நாள், கதவைத் திறந்து வைக்கிறேன், பாலும் கொடுத்தனுப்புகிறேன், மாடிப் பெண் முகத்தை நேராகப் பார்ப்பதற்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பிரார்த்தனை வேண்டும்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா