நான்கு பேரின் வரைபடம்

கொட்டாஞ்சேனை,
12.6.1995

அன்பு நண்பர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

நாங்கள் சுகம். உமது வீட்டிலும் எல்லோரும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உமது சொல்லைக் கேட்டுத்தான் நோபேட்டை உமது கல்லூரியில் நில அளவை படிக்கச் சேர்த்தேன். இப்போது ஒரு முறைப்பாடு. நான்கு பேரைச் சேர்த்து ஒரு வேலை கொடுக்கிறீர். என் மகன் தனியே குனிந்திருந்து வரைபடம் கீறுகிறான். மற்ற மூவரும் கன்டீனில். முடிவில் நால்வருக்கும் ஒரே புள்ளி. "விடுங்கோ அப்பா, சேருக்கு ஒண்டும் எழுதாதேங்கோ" என்கிறான். எனக்கு மனம் கேட்கவில்லை. துறைமுகக் கந்தோரில் இருபத்தாறு வருடம் மற்றவர்களின் வேலையையும் இழுத்தவன் நான். அவனுக்கும் அது வேண்டாம்.

அன்புடன்,
சவுந்தரம்

வெள்ளவத்தை,
20.6.1995

அன்பின் சவுந்தரம்,

உமது கோபம் சரி. எனக்கும் இது நெடுநாள் உறுத்தல்தான். இந்தத் தவணை ஒரு படிவம் கொண்டுவருகிறேன். எந்த வேலையை எவர் செய்தார் என்று குழுவே உள்ளபடி எழுதி, நால்வரும் ஒப்பமிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவருக்கும் புள்ளி.

நோபேட்டின் குழுவுக்குக் கொலன்னாவையில் வெள்ளம் நிற்கிற ஒழுங்கைகளையும் தண்ணீர் வடிகிற கான்களையும் அளந்து வரைபடம் கீறக் கொடுத்திருக்கிறேன். இடம் நானே தெரிந்தெடுத்தது. உமது மனைவி மரியகொறற்றியிடம் சொல்லும், ஞாயிறு மீன்குழம்புக்கு வருவேன்.

உமது,
ஸ்ரீ

வெள்ளவத்தை,
29.9.1995

அன்பின் சவுந்தரம்,

எண்பத்துநான்கு! மற்ற மூவரில் ஒருவரும் ஐம்பதைத் தொடவில்லை. "வரைபடம் முழுக்க நோபேட், நாங்கள் அளவு நாடா பிடித்தோம்" என்று நிலாம் என்கிற பெடியன் தன் கையாலேயே படிவத்தில் எழுதியிருக்கிறான். நல்ல மனம்.

எண்ணெய்த் தாங்கிகளின் மதிலோரம் ஒரு கான் போகிறது. அதைக் கீறும்போது உமது மகன் வாசல்களையும் காவல் கொட்டிலையும்கூடத் தவறவிடவில்லை. மற்ற வகுப்புகள் பார்க்கட்டும் என்று சுவரில் மாட்டியிருக்கிறேன்.

உமது,
ஸ்ரீ

கொட்டாஞ்சேனை,
2.11.1995

ஸ்ரீ,

தொலைபேசியில் உம்மைப் பிடிக்க முடியவில்லை. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைப் புலிகள் தாக்கி எரித்த பத்தாம் நாள், மத்தியானச் சாப்பாட்டிலிருந்த நோபேட்டை எழுப்பிக் கொண்டுபோனார்கள். பொலிஸில் மேசைமேல் அந்த வரைபடம். பக்கத்தில் உமது படிவம். "முழுக்க இவன் கீறியது என்று கூட்டாளிகளே எழுதி ஒப்பம் வைத்திருக்கிறார்கள். இவனும் வைத்திருக்கிறான். பிறகென்ன?" என்று பொலிஸ் பெரியவர் சிங்களத்தில் கேட்டார். மரியகொறற்றி அவர் காலில் விழுந்தாள்.

இது வகுப்பு வேலை, இடத்தைக் கொடுத்தது நீர், அளந்தது நால்வர் என்று இரண்டு வரி எழுதித் தந்தால் வழக்குப் போடாமல் மறிப்பதற்கு வழியிருக்கிறது என்கிறார் சட்டத்தரணி. நாளைக்கே தாரும். உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சவுந்தரம்

வெள்ளவத்தை,
6.11.1995

அன்பின் சவுந்தரம்,

உமது கடிதத்தை வாசித்து அழுதேன். கல்லூரியைச் சோதிக்க வந்த பொலிஸார் சுவரில் வரைபடத்தைக் கண்டார்கள். கீறியவன் யார் என்றார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றுதான் நினைத்தேன்.

இனி எவரும் எதுவும் எழுதிக் கொடுக்கக்கூடாது என்று அதிபர் சொல்லிவிட்டார். நானும் யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரன். இரண்டு பெண்பிள்ளைகள். கொஞ்சம் அடங்கட்டும், நிச்சயம் எழுதுவேன்.

உமது,
ஸ்ரீ

கொட்டாஞ்சேனை,
24.11.1995

ஸ்ரீ,

மூன்று தரம் உமது வீட்டுக்கு வந்தேன். உமது மனைவி கனகேஸ்வரி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே "அவர் இல்லை அண்ணை" என்றார். உள்ளே நீர் செருமியது எனக்குக் கேட்டது.

முந்தாநாள் நிலாம் தகப்பனோடு தானாகவே பொலிஸுக்குப் போயிருக்கிறான். நாடா பிடித்தது தான், வேலையைத் தந்தது சேர் என்று சொல்லியிருக்கிறான். ஒரு நாள் வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். நேற்று இங்கே வந்தான். உதடு வெடித்திருந்தது. "சேர் எழுதினாத்தான் நம்புவாங்களாம், அங்கிள்" என்றான். நீர் அவனுக்கு நாற்பத்தெட்டுப் போட்டீராம்.

சவுந்தரநாயகம்

வெள்ளவத்தை,
11.12.1995

அன்பின் சவுந்தரம்,

கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. இடத்தைத் தெரிந்தெடுத்தவன் நான், வாசல்களைக் குறித்ததற்காகப் பாராட்டியவனும் நான் என்று மூன்று மொழியிலும் எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். அதிபரைக் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும். பிந்திவிட்டேன் என்று தெரியும். மன்னியும் என்று எழுதக் கை வரவில்லை. ஞாயிறு நான் வரட்டுமா?

ஸ்ரீ

கொட்டாஞ்சேனை,
18.12.1995

திரு. ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பியது கிடைத்தது. சட்டத்தரணி வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். ஒன்பதாம் திகதி நோபேட் குற்றத்தை ஏற்கிற ஒரு வாக்குமூலத்தில் ஒப்பம் வைத்துவிட்டானாம். சிங்களத்தில் எழுதியது. அவனுக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இனி அதற்கு முன்னால் உங்கள் கடிதம் நிற்காது என்கிறார்.

நீங்கள் வர வேண்டாம். மரியகொறற்றி உங்களை ஒரு சொல் குறை சொல்லவில்லை. உங்கள் பெயர் வந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுகிறாள்.

வெள்ளிக்கிழமை அவனைப் பார்க்க விடுகிறார்கள். உங்கள் கடிதம் எப்போது வந்தது என்று அவனுக்குச் சொல்லமாட்டேன். சேர் முதல் நாளே எழுதிக் கொடுத்திருப்பார், பொலிஸ்தான் மறைக்கிறது என்று சட்டத்தரணியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

இப்படிக்கு,
ம. சவுந்தரநாயகம்