நீ பொட்டு வைத்த நான்கு பிஸ்டன்கள்

என் ஆசை அண்ணனுக்கு,

உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் இல்லாமல் வாசலில் நிற்கிறது. அம்மா தினமும் அதைத் துடைக்கிறார். அது விற்பனைக்கா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரை இன்றுவரை நான் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன். நீ என்னைப் போலீஸ் என்று கூப்பிட்டது சும்மா இல்லை. பாசிர் கூடாங் ஃபேக்டரியில் பகலெல்லாம் உதிரிப் பாகங்களை அளந்து, தேறாததை ஒதுக்குகிற வேலை. அந்தப் புத்தி என்னோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தை உன் கார் நண்பர்கள் எல்லாரும் படிக்கப் போகிறார்கள். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாதே.

ஆயுத பூசை நினைவிருக்கிறதா? இரண்டாயிரம் சிசி இன்ஜினை இரண்டாயிரத்து இருநூறு ஆக்குவதற்காக மாதக்கணக்கில் தேடிச் சேர்த்த சாமான்களை வாழையிலையில் பரப்பினாய். பிஸ்டனை இன்னும் உயரத் தள்ளும் பெரிய கிராங்க், அதற்கு நான்கு புதுப் பிஸ்டன்கள். பழைய ஜப்பான் கார்களை வெட்டி விற்கும் கடைக்காரர் "சேம் லா, போடலாம்" என்று சொன்னதை நம்பி, யாரையும் கேட்காமல் நீயே வாங்கியவை. நான் மட்டும் அன்றே அளந்து குறித்துக்கொண்டேன். நீ சிரித்தாய்.

பூசைக்கு உன் உயிர்ச் சிநேகிதர் குணா அண்ணன் வந்திருந்தார். பக்கத்து ஊர் மாசாயில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், நம் வீட்டுச் சாப்பாட்டில் பாதி தின்று வளர்ந்தவர். சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு பிஸ்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இலையிலேயே வைத்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இன்ஜினைத் தானே கட்டி முடிப்பதாகக் குணா அண்ணன் நம் அம்மாவிடம் சொன்னார். எதற்கு இவ்வளவு அக்கறை? ஒரு நாள் பிஸ்டன் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி எடுத்துப் போனார். பெட்டி நான்கு நாளில் திரும்பி வந்தது. திறந்தேன். பொட்டு இல்லை. அளந்தேன். பூசையன்று குறித்ததைவிட ஒவ்வொன்றும் மூன்றரை மில்லிமீட்டர் குட்டை.

உன் முப்பதாம் நாள் படையலில், சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டேன். "அண்ணன் பிஸ்டன் எங்க? செத்தவன் சாமானக்கூட விட்டு வைக்க மாட்டீங்களா?"

குணா அண்ணன் நம் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். சாப்பிடாமல் போய்விட்டார். மறுநாள் உன் கார் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அவரைத் திருடன் என்று போட்டேன். அன்றிலிருந்து அம்மா அவர் பேரை எடுப்பதில்லை.

அதோடு விட்டேனா? திருட்டை எண்ணிக்கையில் நிரூபிக்க வேண்டும் என்று, பிரித்துக் கிடந்த இன்ஜினை அளக்க உட்கார்ந்தேன். பெரிய கிராங்கில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் பழையதைவிட ஏழு மில்லிமீட்டர் கூடுதல். பாதி மேலே, பாதி கீழே. அப்படியானால் பிஸ்டன் மூன்றரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாக வேண்டும். நீ வாங்கியவை பழைய பிஸ்டன் உயரமேதான்; போட்டிருந்தால் இன்ஜின் பிளாக்கைத் தாண்டி வந்து மேல்மூடியில் இடித்திருக்கும். அளவெடுக்கும் காலிப்பரையே சந்தேகப்பட்டு வேறொன்று இரவல் வாங்கி அளந்தேன். அதே கணக்கு.

பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தவரை நான் கள் குடித்தார் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உன் பிஸ்டன்கள் நான்கும் அவருடைய சாமி படத்துக்குக் கீழே இருந்தன, குங்குமம்கூடக் கலையாமல்.

"சாமிக்கு வச்சது தங்கச்சி. கடையில திருப்பிக் குடுக்க மனசு வரல, பொருந்துறத நானே வேற வாங்கிட்டேன்" என்றார்.

பூசையன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா சூடம் காட்டிக்கொண்டிருந்தார்களாம், நீ அவ்வளவு பெருமையாக நின்றாயாம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாராம்.

"சரி, நான் திருடன்னு சொன்னப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமே?"

"அவன் தப்பா வாங்கிட்டான்னு, படையல் போட்ட எடத்துல, அவன் அம்மா முன்னால எப்படிமா சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில்தான் அண்ணே. உன் பேருக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று அவர் திருடன் பட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார். அதைச் சுமத்தியது நான். இப்போது அவர் பேரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் உன் தப்பைச் சொல்லியாக வேண்டும். வேறு வழி தேடிப் பார்த்தேன், இல்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து வருகிறேன். நீ தேர்ந்தெடுத்த பிஸ்டன்கள் பொருந்தாதவை, குணா அண்ணன் எதையும் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் என் வாயாலேயே சொல்வேன். அவரைத் திருடன் என்று போட்ட அதே குழுவில் இந்தக் கடிதத்தையும் போடுவேன். அம்மா கொஞ்ச நாள் உன்மேல் வருத்தப்படலாம். படட்டும். ஆனால் அன்றைக்கு அவர் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். இது சத்தியம்.

உன்னைக் காட்டிக் கொடுக்கும் உன் தங்கச்சி,
மல்லிகா