பசை வழிந்த கண்ணாடிமணி

இன்று காலை குளியலறைக் கண்ணாடிக்குச் சிலிகான் பசை பூச ஆள் வந்திருந்தார். வினிகர் போன்ற அந்தப் புளித்த நெடி கூடம் வரை வந்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்த நெடிக்கு இன்னும் உன்னைத்தான் தெரியும்.

நாம் ஆய்வு மாணவிகளாக இருந்த காலம். கசகசாவை விடச் சின்னக் கண்ணாடிமணிக்குள் லேசர் ஒளியைச் செலுத்துவாய். ஒளி உள்விளிம்பை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். திரையில் ஒரு கோடு விழும். அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்காது. மணி சூடேற ஏற நகர்ந்துகொண்டே போகும். நான்கு வருடம் அதன் பின்னால் ஓடினாய். மாதக் கடைசிக்குள் நிறுத்தாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் நம் பேராசிரியர்.

நீ பழியெல்லாம் கல்லூரியின் வெக்கை மேல் போட்டாய். “எங்கூருக்கு வா புள்ள. மார்கழியில அங்க வெக்கையின்னா என்னன்னே தெரியாது.” கொல்லிமலைக்காரிக்குப் பெருமை பேச ஒரு சாக்கு. அடிவாரத்துக்காரி நான் லேசர் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

கிளம்பும் அவசரத்தில், கொண்டுபோன மூன்று மணிகளில் கடைசி மணியின் கண்ணாடிக் காம்பைத் தாங்கியில் ஒட்டியது நான்தான். சிலிகான் பசை கெட்டியாக இருக்கிறதென்று தின்னர் கலந்து இளக்கியது என் புத்திசாலித்தனம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் அது காம்பு வழியே இறங்கி மணி மேலேயே படிந்துவிட்டது. மலைமேல் உன் ஊரான அரியூர் நாட்டில் இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்த நீ, அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாய்.

ஆட்டுக்கல் மேல் பலகை போட்டுக் கருவிகளை வைத்தோம். பல் கிடுகிடுக்கும் குளிர். சுத்தமான இரண்டு மணிகளிலும் கோடு கல்லூரியில் ஓடியது போலவே ஓடியது. அப்போதுதான் உறைத்தது. மணியைச் சுட வைப்பது ஊர் வெக்கை அல்ல, நாம் செலுத்தும் ஒளியேதான். நீ அழுதுவிட்டாய். நான் பக்கத்தில் திருடி போல உட்கார்ந்திருந்தேன்.

உன் அம்மா எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, இன்னொண்ணு இருக்குதில்ல?”

“அது கெட்டுப்போச்சும்மா.”

“இத்தன தூரம் தூக்கியாந்தீங்க. அதையும் பாத்துப்போட்டு அழுவலாமில்ல.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு அதை மாட்டினாய். கோடு விழுந்தது. நகரவில்லை. ஒளியைக் கூட்டினாய், அப்போதும் நகரவில்லை. “ஏ புள்ள, நிக்குது” என்றாய், ரகசியம் சொல்வது போல. சூடான கண்ணாடி கோட்டை ஒரு பக்கம் இழுக்க, சூடான பசைப் படலம் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. நீ அம்மாவைப் பிடித்து வாசலில் தட்டாமாலை சுற்றினாய். அத்தனை சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எந்த மலையிலும் நின்றதில்லை.

படலத்தின் கனத்தை மாற்றி மாற்றிப் பூசி, எல்லாவற்றையும் மறுபடி அளந்த பிறகுதான் ஆய்வேட்டை எழுதினாய். அதில் ‘திட்டமிட்டுப் பூசப்பட்ட மெல்லிய படலம்’ என்றிருந்தது. திட்டமா என்று கேட்டேன். “உன்ற தின்னரு, எங்கூரு ரோடுன்னு எழுதுனா பட்டம் குடுப்பாங்களா?” என்றாய். கொடுத்தார்கள், அதுவும் கைதட்டி.

இப்போது என் ஆய்வகத்தில், கெட்டுப்போனது என்று எதையும் அளந்து பார்க்காமல் எறிய விடமாட்டேன். மாணவர்கள் முணுமுணுப்பார்கள்.

வேலை முடிந்ததும் அந்த ஆள் தயங்கி வந்து நின்றார். “ஓரத்துல பசை கொஞ்சம் வழிஞ்சிருச்சுங்க. தொடச்சிர்றேன்.”

“வேண்டாங்க” என்றேன். “அது அப்படியே இருக்கட்டும்.”