தேசாதிபதிக்கு ஒன்றும் தராதீர்கள்

யூன் 16, திங்கள்

சோளகக் காற்று, மூன்றாம் நாள். முற்றத்து மணல் முழுவதும் இப்போது வீட்டுக்குள். ஒரு வள்ளமும் இறங்கவில்லை.

செய்ய வேண்டியவை: வள்ள முதலாளி றொபேட் சம்மாட்டியின் எஞ்சினுக்கு காபரேட்டர் கழுவ. கூரைத் தகரத்துக்கு ஆணி. தே.யை மிருக டொக்டரிடம் கொண்டுபோக.

மூன்றாவது மட்டும் நடந்தது.

இந்தக் கொப்பியைக் கண்டெடுக்கப்போகும் சரித்திர ஆசிரியர்களின் வசதிக்காக: தே. என்றால் தேசாதிபதி. செம்மஞ்சள் கடுவன் பூனை, வயது ஏழு, இடது காது பாதி. எங்கள் ஊர் பள்ளிமுனை முழுவதும் அவரது ஆட்சி. இரண்டு மாதமாகச் சீனி வருத்தம். காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் இன்சுலின். போடுபவன் சூசை, அறுபத்தாறு வயது எஞ்சின் மெக்கானிக். ஒரு யூனிற்றில் தொடங்கினோம். சீனி இறங்கவில்லை. இரண்டு, மூன்று, இப்போது நான்கு. என் கை நடுங்குவதில்லை. ஊசி நடுங்கியிருக்கலாம்.

முந்தநாள் தொடக்கம் சாப்பாடில்லை. இன்று விடிய ஐந்து தரம் சத்தியெடுத்தார். ஐந்தாவதின் சத்தத்துக்கு இராமேஸ்வரத்துக் கோயில் யானை திரும்பிப் பார்த்திருக்கும்.

மீன் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய சாரம் விரித்து, சைக்கிள் கரியரில் கட்டி ஊர்வலம். டொக்டரின் வாசலில் ஒரு கிடாய் ஆடு. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வருத்தம் அவ்வளவு அவசரமில்லை என்று பின்வாங்கியது.

டொக்டர் வயதில் சின்னப் பிள்ளை. வயிற்றை அமத்தினார். தே. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

"ஐயா, சதையி வீங்கியிருக்குது. இரைப்பைக்குப் பின்னால கிடக்கிற உறுப்பு. இன்சுலின் சுரக்கிறதும் அதுதான். கொழுப்பாய் ஏதும் குடுத்தனீங்களோ?"

"அவிச்ச மீன். தோல்கூட இல்லை."

"வேற வீடுகளில ஆரும் குடுக்கிறவையோ? நாலு யூனிற் போட்டும் சீனி இறங்கேல்லை எண்டால் எனக்கு அதுதான் யோசினை."

"பிள்ளை, என்ர கோப்பையைத் தவிர வேற கோப்பையை அவர் கண்ணாலயும் கண்டதில்லை."

எழுதிக்கொண்டார். என் வாய்ச்சொல் அரசாங்கப் படிவம் ஒன்றில் ஏறியது இதுவே முதல் தடவை. நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

சத்தி நிற்க ஊசி. நோவுக்கு ஊசி. தோலுக்கடியில் சேலைன், முதுகில் ஒட்டகம் மாதிரி ஒரு திமில். சாப்பிடும்வரை இன்சுலின் பாதி. சாப்பிடத் தொடங்கினால் பழைய நாலு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சாப்பிடாட்டி, வதைக்காமல் விடுறதைப் பற்றிக் கதைக்க வேணும் ஐயா. அதுக்கும் ஊசி இருக்கு. நோகாது."

"ஆருக்கு?" என்றேன்.

பிள்ளை சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

யூன் 17, செவ்வாய்

காற்று. தகரம் ஆணியில்லாமல் பாட்டுப் பாடுகிறது.

தே.க்குச் சமர்ப்பிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டவை: அவித்த விளைமீன். அவித்த பாரை. கோழி நெஞ்சு. கோழி நெஞ்சு, நான் முதலில் சாப்பிட்டுக் காட்டிய பின். மீன் அவித்த தண்ணீர், ஊசியில்லாத சிறிஞ்சியால் கடைவாயில். கடைசியைத் துப்பினார், என் கண்ணாடியில், குறி தவறாமல்.

பிலோமினா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி. புருசன் போனபின் என் வீட்டுக்கு வந்து, ஒரு கிழமைக்குள் என்னையும் சேர்த்து ஆளத் தொடங்கியவள்.

"அண்ணை, அந்தச் சீவனை நிம்மதியாப் போக விடுங்கோ."

"வெள்ளிவரைக்கும் தவணை இருக்கு."

"ஊருக்குள்ள சிரிக்கினம். பூனைக்குச் சேலைனாம் எண்டு."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவைக்கு ஒரு நாளைக்குச் சதையி வீங்கட்டும், அப்ப தெரியும்."

"வாயைப் பாருங்கோ" என்று சிலுவை போட்டுக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

பிலோமினாவின் (இனிமேல் பி.) மகள் டிலானி முருங்கன் ஆஸ்பத்திரியில் தாதி. இந்த மாவட்டத்தில் என்னை ஒரு மருத்துவனாக ஏற்றுக்கொண்ட ஒரே ஆள். போனில்: "மாமா, வலுக்கட்டாயமா ஊத்தாதேங்கோ, புரைக்கேறும். கையைச் சூடாக்கி முதுகைத் தடவிக்கொண்டு இருங்கோ. பசி வந்தால் அது சொல்லும்."

தடவினேன். காலை பத்திலிருந்து பின்னேரம் நாலு வரை. உலகச் சாதனை. பதிவு செய்ய ஆளில்லை.

யூன் 18, புதன்

11.20. எழுதிவைக்கிறேன்: மன்னார்த் தீவு சரித்திரத்தில் பதினொன்று இருபது.

நக்கினார். பிறகு ஒரு துண்டு. பிறகு கோப்பையையே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி வைத்துச் சாப்பிட்டார். பி. குசினியிலிருந்து, "என்ன, அழுறியளோ?" மணல் விழுந்துவிட்டது என்றேன்.

டொக்டருக்குப் போன். மாலையிலிருந்து பழையபடி நாலு.

ஐந்து மணிக்கு இன்னொரு வெற்றி. பின்மதிலடியில் சம்மாட்டியின் மனைவி மெற்றில்டா, கையில் வாழையிலைத் துண்டு, அதில் பண்டிக் கறிக் கொழுப்பு. மதிலுக்கு மேலே தே., ஒரு முன்னங்காலை நீட்டியபடி.

"இது என்ன, மெற்றில்டா?"

"பூனை ஒண்டு நிண்டது, அண்ணை."

"எத்தினை நாளா நிக்குது?"

"சனிக்கிழமை மகளுக்குப் புதுநன்மை விருந்து. சமைச்சதில மிச்சம். பாவம், எலும்பும் தோலுமாக் கிடக்குது. உங்கட வீட்டில ஏதும்..."

அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. முடித்திருந்தால் குறைவாகத்தான் வலித்திருக்கும்.

ஆக, சதையியை வீங்க வைத்த சதி கண்டுபிடிக்கப்பட்டது. குற்றவாளி ஒருத்தி. வழக்கு முடிந்தது.

யூன் 19, வியாழன்

பழைய வலையிலிருந்து ஒரு மிதப்பை வெட்டி, தட்டையாகச் சீவி, நீல மையால் எழுதினேன்: "நான் நோயாளி. எனக்கு ஒன்றும் தராதீர்கள். மீறினால் சூசை வருவார்." கழுத்தில் கட்டினேன். நான்கு வீடு தாண்டியும் வாசிக்கலாம்.

பங்குப் பாதரிடம் போய், அதையே ஞாயிறு பூசையில் அறிவிக்கக் கேட்டேன்.

"சூசை, நான் கலியாண ஓலைதான் வாசிக்கிறனான். பூனை ஓலை வாசிக்கிறேல்லை."

"அதுவும் ஒரு ஆத்துமாதானே, பாதர்."

"அப்ப அதைக் கூட்டிக்கொண்டு பூசைக்கு வா. நீயே வந்து எத்தினை மாசம்?"

பின்வாங்கினேன். ஒழுங்கான பின்வாங்கல், படையிழப்பு இல்லை.

ஆனால் மிதப்பு வேலை செய்கிறது. தே. தெருவில் ஒரு சுற்றுப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார், குழம்பிய முகம். வழக்கமாக இரண்டு மணித்தியாலம்.

மாலை காதுக் கரையில் குத்திச் சீனி பார்க்கும் மெசினில் பார்த்தேன். 141. இரண்டு மாதத்தில் முந்நூறுக்குக் கீழே கண்டதில்லை. மெசினை பி.க்குக் காட்டினேன். தெருவில் போன மீன்காரனுக்கும் காட்டினேன். வெற்றி, வெற்றி. நாலு யூனிற்.

யூன் 20, வெள்ளி

காலை மெசினில் பார்க்கவில்லை. வென்றவன் எதற்குப் பார்க்க வேண்டும்? பாதிக் கோப்பை சாப்பிட்டார். நாலு யூனிற்.

பத்து மணி. எஞ்சின் கழற்றிக்கொண்டிருந்தேன். தே. முற்றத்தில் நடந்து வந்தார். பின்னங்கால்கள் தனியாக வேறு பக்கம் போயின. கள்ளுக் குடித்தவன் மாதிரி. நான் சிரித்தேன். அதையும் எழுத வேண்டும், சிரித்தேன். பிறகு சரிந்து விழுந்து தலை உதறத் தொடங்கியது.

மெசின்: 34.

என் கை ஒயிலும் கிறீசும். ஒரு சாமானையும் தூக்க முடியவில்லை. பி. எங்கிருந்தோ ஓடிவந்தாள், கையில் சீனிப்பாணி. "அண்ணை, தலையைப் பிடியுங்கோ. நிமித்தாதேங்கோ, சரிச்சுப் பிடியுங்கோ." விரலில் தோய்த்துப் பல்முரசில் தேய்த்தாள். திரும்பத் திரும்ப. நிம்மதியாகப் போக விடச் சொன்னவள். "போகாதை, போகாதையடா ராசா, போனியெண்டால் கொண்டுபோடுவன்."

இருபது நிமிடம் கழித்து அவளது விரலைக் கடித்தார். இரத்தம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் விரலைக் கழுவவே போகவில்லை.

டொக்டர், போனில்: "நான் சொல்லும்வரைக்கும் இன்சுலின் போடவேண்டாம். சாப்பாடு குடுங்கோ, மணித்தியாலத்துக்கு ஒருக்கா மெசினில பாருங்கோ. ஐயா, நாலு யூனிற் சரியான அளவெண்டால் இது நடக்காது. அது எங்கேயோ நல்லாச் சாப்பிட்டிருக்கு, அதுதான் அவ்வளவும் தாங்கிச்சு. இப்ப ஆரோ நிப்பாட்டியிருக்கினம்."

ஆரோ. மிதப்பும் நீல மையும்.

"ஆர், என்ன, எத்தினை மணிக்குக் குடுக்கிறவை எண்டு எழுதுங்கோ, ஐயா. திங்கள் உண்மையான லிஸ்ற்றோட வாங்கோ. இல்லாட்டி நான் இருட்டிலதான் அளவு எழுதவேணும். இன்னொருக்கா இப்பிடி வந்தால் தப்பாது."

யூன் 21, சனி

காற்று சற்று ஓய்வு. நான் இல்லை.

லிஸ்ற்றுக்காகத் தெருவில் இறங்கினேன். மெற்றில்டா: "சனிக்கிழமை மட்டும்தான்." கடைக்காரர் காதர் நானா: "எங்கட கடைப் பக்கம் வாறதே இல்லையே." பின்வீட்டுச் செல்வி: "நான் எதுக்குண்ணே குடுக்கப் போறேன்?" இராமநாதபுரத்துப் பக்கம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்தவள், பேச்சு இன்னும் அக்கரையில்.

எல்லோரும் பொய். கேட்கும்போதே காதர் நானாவின் வாசலில் தே. மிதப்போடு குந்தியிருக்கிறார், வாடிக்கையாளர் மாதிரி.

என் வேலிப்படலில் கை வைத்து நிற்கும்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பூனைக்குச் சோறு வைப்பார்கள். சொல்லமாட்டார்கள். சொன்னால், அந்த வீட்டுக் கோப்பையில் ஒன்றுமில்லை என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். இவர்கள் தே.யை மறைக்கவில்லை. என்னை மறைக்கிறார்கள். என் மானத்தை.

சூசையின் மானம். அறுபத்தாறு வருடமாக ஒயில் போட்டு மினுக்கி வைத்த சாமான்.

திரும்பிப் போனேன். செல்வியின் வாசலில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி: "பிள்ளை, என்ர வீட்டில அந்தப் பூனைக்குச் சாப்பாடு காணாது. நான் வயிறு நிறையக் குடுக்கிறேல்லை. ஆராவது குடுத்திருந்தால் புண்ணியம். சொன்னால்தான் அது பிழைக்கும்."

முதலில் கதவு திறந்தது. பிறகு செல்வி, மெதுவாக: "சாயங்காலம் கொஞ்சம் பால்சோறுண்ணே. தெனமும்."

மதிலுக்கு அப்பாலிருந்து மெற்றில்டா: "மத்தியானம் பொரிச்ச மீன்தலை. பொய்யேன் சொல்லுவான், ரெண்டு."

லிஸ்ற், அந்திப்பொழுதில்:

காலை 5.30, காதர் நானா, பாண், அதன்மேல் ரின்பால். ("கோவிக்காதீங்க சூசை. கடை திறக்கக்குள்ள வாசல்ல குந்தியிருக்கும், பாத்தா மனசு கேக்குதில்ல.")
12.00, மெற்றில்டா, மீன்தலை 2.
5.00, செல்வி, பால்சோறு.
ஞாயிறு, பங்குமனைக் குசினி, ஆட்டெலும்பு. பாதர் தாமே வாசலுக்கு வந்து ஒப்புக்கொண்டார். இதுவரை நான்தான் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். பாவப் பொறுத்தல் கொடுத்தேன்.
நான் குளிக்கும் நேரம், பி., பொரித்த மீன்சினை. "நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை."

ஐந்து. கொப்பியை மூடினேன். திறந்தேன்.

காலைப் பிட்டு நேரம், சூசை, பொரித்த சாளை, ஒன்று. சில நாள் இரண்டு. மேசைக்கடியில்.

யூன் 23, திங்கள்

மூன்று நாள் இன்சுலின் இல்லை. இன்று காலை 288. சத்தி இல்லை. பெட்டிக்குள் ஏற மறுத்தார், நல்ல குணம்.

டொக்டர் லிஸ்ற்றை இரண்டு தரம் வாசித்தார். கடைசி வரியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மேசைக்கடியிலயோ, ஐயா?"

"ஓம், பிள்ளை."

"போன கிழமை என்ர கோப்பை, வேற கோப்பை எண்டு பெரிசாச் சொன்னனீங்கள்."

"சொன்னனான். அந்தப் படிவத்தைக் கிழிச்சுப்போடுங்கோ."

இந்தமுறை சிரித்தார். ஒரு யூனிற். ஒன்றே ஒன்று. ஊசிக்கு முன் ஒவ்வொரு தரமும் மெசின். சாப்பாடு ஒரு கோப்பையில் மட்டும், சாளைக்கும் தடை. நான் மேன்முறையீடு செய்தேன். தள்ளுபடி.

"மற்ற ஊசி, அந்த நோகாதது?" என்று கேட்டேன்.

"இப்ப தேவையில்லை. ஆனால் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். சதையி ஒருக்கா வீங்கினால் திரும்பவும் வீங்கும். அடுத்த மாசமோ, அடுத்த வருசமோ. இது முழுசா மாறாது."

யூன் 24, செவ்வாய்

காலை 231. முழுக்கோப்பை. ஒரு யூனிற்.

சம்மாட்டியின் எஞ்சின் பூட்டியாயிற்று. கூரைத் தகரம் இன்னும்.

பிட்டுச் சாப்பிடும்போது காலடியில் வந்து குந்தினார். பார்த்தார். கொடுக்கவில்லை. பி.யும் கொடுக்கவில்லை, நான் வேண்டுமென்றே நீண்ட நேரம் குளித்தும். தெருவே அவரைக் கண்டால் கதவைச் சாத்துகிறது. காதர் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடை திறக்கிறாராம். இவ்வளவு அன்பை இந்த ஊர் எந்தத் தேசாதிபதிக்கும் காட்டியதில்லை.

டொக்டர் சொன்னதையே காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பவும் வீங்கும்.

வரட்டும். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.