அம்மா சொல்லும் கதையில் நீங்கள்

அப்பா,

இன்று அலுவலகத்தில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனையில் நம் மந்தைவெளி வீட்டுக் கூடம் திரும்பி வந்தது. நீங்களும் அம்மாவும் போன ஸ்கூட்டரைத் தண்ணீர் லாரி இடித்துத் தள்ளிய பிறகான நாட்கள். உங்கள் வலது கையில் தகடு. அம்மாவுக்குத் தோள்பட்டை முறிவு. பார்க்க வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஆரஞ்சுப் பை.

உட்கார்ந்ததும் கேட்பார்கள்: "எப்படி ஆச்சு?"

அம்மா சொல்வாள். ஒவ்வொருவருக்கும், முதலிலிருந்து. பஸ் ஏறுவதற்கே பிள்ளையாரை வேண்டிக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. லாரி வரும் இடத்தில் அழுவாள். "இவர் மட்டும் 'குதிச்சிடு'ன்னு கத்தலேன்னா நான் இல்ல" என்று முடிப்பாள்.

கீழ்வீட்டு ஆட்டோக்காரர் உங்கள் முதுகில் தட்டினார். "இன்னா சார், நீ உட்ட சவுண்டுல லாரியே மெர்சலாயிடுச்சாமே!"

சிரித்தீர்கள். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனீர்கள். கதை அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் உங்களுக்குத் தாகம் எடுத்தது.

சொல்லிச் சொல்லி, அழுது அழுது, அம்மா ஆறினாள். மழைக்காலம் முடிவதற்குள் ஆட்டோவில் கோயிலுக்குப் போய் வந்தாள்.

உங்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தி. நகர் கடையில் புடவையை விரித்துக்கொண்டே வாங்க வந்தவர்களை நாள் முழுக்கச் சிரிக்க வைக்கிறவர். உங்களுக்கு என்ன? ஆனால் வெளியே கனத்த ஹாரன் கேட்டால் விரிக்கிற கை அப்படியே நின்றுவிடுகிறது என்றார்கள் கடையில். வீட்டில், தூக்கத்தில் உதறி எழுந்தீர்கள். பனியன் நனைந்திருக்கும். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன்.

"உங்கம்மாவக் கூட்டிட்டுப் போம்மா. நம்ம வீட்டுல பயந்தாங்கொள்ளி அவதானே."

ஒருவழியாக அடையாறுவரை வந்தீர்கள். நடந்தே. டாக்டரின் போர்டு சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. சிக்னல் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. நீங்கள் நடைபாதையை விட்டு இறங்கவில்லை.

"எனக்குப் பதிலா நீ போய்ப் பேசிட்டு வாயேன்."

"என்னன்னுப்பா சொல்லட்டும்?"

உங்கள் சிரிப்பு நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"நான் கத்தலம்மா. கத்தினது உங்கம்மா. எனக்குக் குரலே வரல."

திரும்பி நடந்தோம். அடுத்த வாரம் மறுபடி வரலாம் என்று நீங்களாகவே சொன்னீர்கள்.

அந்த வாரத்துக்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது. "தூக்கத்துலயே போயிட்டாரு, கொடுத்து வச்சவரு" என்றார்கள் வந்தவர்கள். உங்கள் தூக்கம் எப்படி இருந்தது என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

அம்மா இன்னமும் அந்தக் கதையைச் சொல்கிறாள். லாரி வரும் இடத்தில் இப்போது அழுவதில்லை. நீங்கள் கத்தும் இடத்தில் அழுகிறாள். என்ன தைரியம் என்கிறார்கள் கேட்பவர்கள்.

நான் திருத்துவதில்லை. வாழ்நாள் முழுக்க யாரிடமும் காட்டாத பயத்தை, சாலையோரத்தில் என்னை நம்பிக் கொடுத்தீர்கள். அதை அம்மாவிடம்கூடக் கொடுக்க மனம் வரவில்லை, அப்பா.