தெருமுனை திரும்பும் வண்டி

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் டீசல் வாடை போகவில்லை. அது மூக்கில் ஏறும்போதெல்லாம் இடது மணிக்கட்டு வலிக்கிறது. நீங்கள் ஜாக்கிக் கம்பியால் உடைத்த கை. நீங்கள் செத்து வருஷங்கள் ஆகியும் அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

முந்தாநாள் பாளையம்பட்டியில் ஒரு பழைய பிக்கப்பைப் பார்க்கப் போனேன். நீங்கள் வைத்திருந்த அதே மாடல். பானெட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது.

"ஓட்டம் ஜாஸ்திதான்க்கா, ஆனா எஞ்சினு கல்லு மாதிரி. வீட்டு ஆம்பளையக் கூட்டிட்டு வந்து பாருங்க" என்றார் விற்பவர்.

"அவுக செத்துட்டாக. நான் வர்றதுக்கு முன்னாடியே எதுக்கு ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கீங்க? காலைல வாரேன். அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க."

"சூடா நிக்கிற வண்டிய நம்பாதடி" என்பீர்கள். எஞ்சினின் நோய் அது ஆறிக் கிடக்கும்போதுதான் தெரியும்.

திருச்சுழிப் பக்கம் விறகை மூட்டம் போட்டு எரிக்கிறவர்களிடம் கரி வாங்கி டவுன் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறேன். போன மழையில் வாடகை வண்டிக்காரர் வராமல் மூட்டைகள் சேறாகிப் போயின. இன்னொரு லோடு தவறினால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் மகள், "அந்தச் சத்தம் நம்ம தெருவுக்குள்ள வேணாம்மா" என்றாள்.

நீங்கள் தெருமுனை திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். கியரைக் குறைத்துத் திரும்பினால் சாப்பிட்டுத் தூங்குவீர்கள். குறைக்காமல், எஞ்சின் திணறத் திரும்பினால் அடி. அந்தத் திணறலுக்கும் நீங்கள் கதவை உதைப்பதற்கும் நடுவே மகளைப் பின்னறையில் தள்ளித் தாழ்போடச் சொல்லுவேன். "எம்.ஏ. படிச்ச திமிராடி?" என்று முடியைப் பிடித்து மோதியதில் காரை பெயர்ந்த சுவரை இன்னும் பூசவில்லை. "அவுக கோவக்காரவுக, நீதான் பாத்து நடந்துக்கணும்" என்று சொன்ன பக்கத்து வீட்டம்மா இன்றும் என்னோடு பேசுகிறார். நான்தான் பேசுவதில்லை.

நேற்றுக் காலை, ஆறிக் கிடந்த வண்டியை விற்பவர் ஸ்டார்ட் செய்தார். கண்ணை மூடிக் கேட்டேன். உள்ளே தட்டல் இல்லை. ஆயில் மூடியைத் திறந்தேன், புகை அடிக்கவில்லை. வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது மட்டும் லேசாக விட்டு விட்டு ஓடியது.

"ஒரு இன்ஜெக்டர் போயிருக்கு. மாத்திக் குடுங்க, எடுத்துக்கிறேன்."

"எந்த ஒர்க்‌ஷாப்புலக்கா கத்துக்கிட்டீங்க?"

"வீட்லதான்."

சாயங்காலத்துக்குள் மாற்றிக் கொடுத்தார். நானே ஓட்டி வந்தேன். கியரைக் குறைத்து, மெதுவாகத்தான் திரும்பினேன். வீட்டில் மகளைக் காணோம். பின்னறை உள்ளே தாழ்போட்டிருந்தது. வேலைக்குப் போகிற பெண். வருவது நான் என்று தெரிந்தவள்.

"நான்தான்டி" என்றேன். தாழ் விலக நேரமாயிற்று.

"சத்தம் கேட்டதும் காலு தானா உள்ள போயிருச்சும்மா." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"திருப்பிக் குடுத்துருவோமா?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்புறம் கரிய யாரு தலையில சொமக்கிறது? முக்குல திரும்புறப்ப ஹாரன் குடு. அப்பா ஒருநாளும் ஹாரன் குடுத்து வந்ததில்ல."

இன்று முதல் லோடு இறக்கிவிட்டுத் திரும்பினேன். தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் கொடுத்தேன். மகள் வாசலில் நின்றாள். ஸ்டீயரிங் என் கையில்தான் இருந்தது. ஆனாலும் எஞ்சினை அணைக்கும்வரை என் காது, எந்தக் கியரில் திரும்பினேன் என்றே கேட்டுக்கொண்டிருந்தது.