வெல்டர் அண்ணனின் தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் அறை ஃபிரிட்ஜில் சாமான் வைக்க ஆளுக்கொரு அடுக்குத் தட்டு. அடுத்தவர் தட்டில் யாரும் கைவைக்க மாட்டோம். எங்கள் அறையில் இருந்த வெல்டர் அண்ணன், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். பயப்படாதீர்கள், நான் தரையில் நின்று வேலை பார்ப்பவன்.

அவர் தட்டில் காய்கள் வாடிக்கொண்டிருந்தன. தொட எவருக்கும் மனம் வரவில்லை.

"அண்ணன் ஒரு பருக்கையைக்கூட வீணாக விடமாட்டாருடா" என்று எங்கள் அறை டிரைவர் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் போட்டு ஒரே குழம்பாக வைத்தேன். உப்பு கூடிவிட்டது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

காய்களுக்குப் பின்னால் அவர் வீட்டு ஊறுகாய் பாட்டில், மூடிகூடத் திறக்காமல் இருந்தது. தீர்ந்துவிடுமே என்று பத்திரப்படுத்தியிருக்கிறார்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ஊறுகாயை நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். இன்று திறந்துவிட்டேன். தீரத் தீர அனுப்புங்கள், அம்மா.

வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்